எல்லோருக்கும் இருபது

சூப்புக் கிண்ணத்தை ஆய்வேட்டுத் தலைப்பின் மேல் வைத்துவிட்டுத்தான் வார்லிதா பேச ஆரம்பிப்பார். ஆவி பறக்கும் பாட்சோய். அடியில் நூடுல்ஸ், நடுவில் பன்றி ஈரல், மேலே பொரித்த பூண்டு. மூன்று வரிக்கு நீண்டு கிடக்கும் தலைப்பு முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் அடங்கிப்போகும்.

"இப்ப சொல்லு. உனக்கு என்ன தெரியணும்?"

எதிரே வெள்ளைச் சீருடையில் இரண்டு மாணவிகள். ஒருத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு மனப்பாடம் ஒப்பிக்கிறாள். "தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகள்ல பணிபுரியும் செவிலியர்களோட கை கழுவும் பழக்கத்தின் நிலையும், அதுக்கும் அவங்க வயசு, பாலினம், திருமண நிலை..."

"அதெல்லாம் கிண்ணத்துக்குக் கீழ இருக்கு, இந்தாய். உனக்கு என்ன தெரியணும்னு கேட்டேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "பாஸாகணும், மனாங்."

"அது ஆசை. கேள்வி எங்க?"

கேள்வி கிடைப்பதற்குள் சூப்பு பாதி காலியாகிவிடும். கிடைத்த பிறகு கிண்ணத்தை எடுத்தால் தலைப்பின் மேல் வட்டமாக ஒரு எண்ணெய்க் கறை இருக்கும். எதிரே உள்ள செவிலியர் கல்லூரியின் நூலகத்தில் கடந்த பதினோரு ஆண்டுகளின் முதல் வரைவுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கறை உள்ளவை ஒரு வகை, கறை இல்லாதவை ஒரு வகை. கறை இல்லாதவற்றை யாரும் திறந்து பார்ப்பதில்லை. கறை உள்ளவற்றையும் திறப்பதில்லைதான், ஆனால் அவற்றில் ஒரு கேள்வியாவது இருக்கிறது.

மனாங் என்றால் அக்கா. ஐம்பத்து நான்கு வயதில், இலோய்லோ நகரத்தில் செவிலியர் படிப்பு படிக்கும் அத்தனை பேருக்கும் வார்லிதா அக்கா. அவருக்கு எல்லாப் பெண்களும் இந்தாய். தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம், கோபம் வந்தால் "அடி பெண்ணே" என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அவருடைய அலுவலகம் மனோங் ரூடியின், அதாவது ரூடி அண்ணனின், ஜெராக்ஸ் கடை. இடப்பக்கம் லேமினேஷன் இயந்திரம். வலப்பக்கம் ஆய்வேட்டு அட்டைகளில் தங்க எழுத்து பொறிக்கும் அழுத்துக் கருவி. இரண்டுக்கும் நடுவே ஒரு கால் ஆடும் மேசை. அதுதான் புள்ளியியல் துறை. அடுத்த மேசையில் ஆய்வேடுகளின் மொழியைத் திருத்திக் கொடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எண்கள் சரி என்று அவரும் எழுத்து சரி என்று நானும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டால்தான் இந்தக் கல்லூரியில் ஒருவர் முதுகலைப் பட்டம் பெற முடியும். நாட்டின் சுகாதார அறிவு வளர்வதற்கு இந்த இரண்டு மேசைகளும் எவ்வளவு காரணம் என்பது பற்றி இதுவரை ஆய்வு நடக்கவில்லை.

'சிக்னிபிகன்ட்' என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் உள்ள மரியாதை தேவாலயத்தில் சில புனிதர்களுக்குக்கூடக் கிடையாது. இரண்டு கூட்டங்களுக்கு நடுவே வித்தியாசம் இருக்கிறது, அது தற்செயலாக வந்ததாகத் தெரியவில்லை என்று கணக்கு சொன்னால் அது சிக்னிபிகன்ட். சொல்லவில்லை என்றால் மாணவிகள் அழுவார்கள். தேர்வாளர் குழு தோல்வி போட்டுவிடும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. இதற்காகவே வார்லிதா மேசையடியில் துடைக்கும் காகிதச் சுருள் ஒன்று வைத்திருக்கிறார்.

"வித்தியாசம் இல்லேன்னு தெரிஞ்சுதில்ல? தெரியாம இருந்தது தெரிஞ்சுபோச்சு. இதுக்குப் போயி ஏன் அழற? தள்ளி உக்காந்து அழு, பேப்பர் நனையுது."

அவர் சொல்வதைச் செய்கிறவரும்கூட. தெருமுனையில் பாட்சோய் விற்கும் பூரிங், திங்கட்கிழமைகளில் எலும்பு மஜ்ஜையைக் குறைத்துப் போடுகிறாள் என்று வார்லிதாவுக்கு ஒரு சந்தேகம். வாயால் சொல்லவில்லை. பதினெட்டு வாரம், தினம் ஒரு கிண்ணம், கரண்டியால் அளந்து காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துவந்தார். பத்தொன்பதாவது வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வித்தியாசம் இல்லை. நேரே கடைக்குப் போனார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"பூரிங், பதினெட்டு வாரமா உன்னத் திருடின்னு நெனச்சேன். நீ இல்ல. மன்னிச்சிரு."

"அரூய்! எண்ணிக்கிட்டா தின்ன? பசிக்குது போலன்னுல்ல நெனச்சேன்!"

அன்று முதல் திங்கட்கிழமைகளில் வார்லிதாவின் கிண்ணத்தில் ஓர் எலும்பு கூடுதலாக விழுகிறது. ஆகவே அந்தக் கேள்வியை இனி யாரும் மறுபடி ஆய்வு செய்ய முடியாது.

தேர்வாளர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் கல்லூரிகளின் வழக்கம். வாய்மொழித் தேர்வன்று மாணவி பான்சித் நூடுல்ஸ், பொரித்த கோழி, காய்கறி பொதிந்து பொரித்த லும்பியாச் சுருள் எல்லாம் கொண்டுவந்து மேசையில் பரப்புவாள். குழுத் தலைவர் டாக்டர் லெதெஸ்மா லும்பியாவைக் கடித்துக்கொண்டே கேள்வி கேட்பார். லும்பியா எவ்வளவு மொறுமொறுப்போ கேள்வி அவ்வளவு மிருது என்று மாணவிகள் சத்தியம் செய்கிறார்கள். வார்லிதா மட்டும் தலையசைக்க மாட்டார். "இருக்கலாம். ஆனா ஒரே ஒரு லெதெஸ்மாதான இருக்காரு. சாம்பிள் பத்தாது."

வார்லிதா கணினி வைத்திருக்கிறார். ஆனால் எந்த ஆய்வு வந்தாலும் முதல் பத்து எண்களைப் பென்சிலால் தன் கையால் எழுதிப் பார்த்த பிறகுதான் கணினியைத் திறப்பார். கேட்டால், "மெஷினுக்கு வெக்கம் கெடையாது. எதக் குடுத்தாலும் கூட்டிக் குடுத்துரும். கைக்குக் கூசும்" என்பார்.

இன்னொன்று அந்தக் கடிகாரம். செவிலியர்கள் மார்பில் குத்திக்கொள்ளும் வகை. குனிந்து பார்ப்பவருக்கு மட்டும் நேராகத் தெரியும்படி தலைகீழாகத் தொங்கும். வார்டு வேலையை விட்டுப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் அது ரவிக்கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் புது பேட்டரி போடுகிறார். ஆனால் அதில் மணி பார்த்து நான் கண்டதில்லை. மணி வேண்டுமானால் ரூடியைத்தான் கேட்பார். ரூடியோ பிற்பகல் இரண்டு மணியானால் லேமினேஷன் இயந்திரத்தின் கதகதப்பில் நாற்காலியோடு தூங்கிவிடுகிறவர். "மனோங், மணி என்ன?" என்று கேட்டால் கண்ணைத் திறக்காமலே "ரெண்டு" என்பார். நான்கு மணிக்குக் கேட்டாலும் ரெண்டுதான்.

*

நெல்ஃபா தகாதாவ் அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். நாற்பத்தொரு வயது. மாகாண மருத்துவமனை ஒன்றில் மருத்துவ வார்டுக்குப் பொறுப்புச் செவிலி. முதுகலை சேர்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டை முடிக்காவிட்டால் படித்த பாடங்கள் அத்தனையும் காலாவதி. மேற்பார்வையாளர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. பட்டம் இல்லையென்றால் அதுவும் போய்விடும். மீதி இருந்தது ஏழு வாரம்.

வார்லிதா கிண்ணத்தை எடுத்துத் தலைப்பின் மேல் வைத்தார். "உனக்கு என்ன தெரியணும்?"

நெல்ஃபா யோசிக்கவே இல்லை. "தலகாணி ரெண்டு வெச்சா மூச்சு லேசாகுதா, மனாங்? துணைக்கு வர்றவங்க எல்லாரும் வீட்ல இருந்து தலகாணி தூக்கிட்டு வர்றாங்க. சிலருக்கு ஒண்ணு, சிலருக்கு ரெண்டு. எங்க டாக்டர் இதெல்லாம் வேணாங்கறாரு. எனக்கென்னமோ ரெண்டு வெச்சவங்க நல்லா தூங்கற மாதிரி இருக்கு."

வார்லிதா கிண்ணத்தை உடனே எடுத்துவிட்டார். அந்த ஆண்டில் அவ்வளவு சீக்கிரம் யாருக்கும் எடுத்ததில்லை. "ரூடி! இன்னொரு கரண்டி குடு. இவளுக்குக் கேள்வி இருக்கு."

இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். வார்டுத் தாள்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நெல்ஃபா அழகாகப் படியெடுத்து வந்திருந்தாள். வார்லிதா பென்சிலைக் கூர்சீவி முதல் பத்தை எழுதினார். இருபது, இருபது, இருபது. நான்காவதும் இருபது. பத்தாவதும் இருபது. பென்சிலை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த பத்தை எழுதினார். பிறகு தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம் வரை போய்த் திரும்பி வந்தார்.

"இந்தாய், உன் வார்டுல யாருக்காவது மூச்சு வாங்குமா?"

"என்ன மனாங் இப்படிக் கேக்கறீங்க? மூச்சு வாங்கத்தானே வந்து படுத்திருக்காங்க."

"பேப்பர்ல ஒருத்தருக்கும் வாங்கலியே. இருநூத்திப் பன்னெண்டு பேரும் இருபது. ஒரு தலகாணிக்காரங்களும் இருபது, ரெண்டு தலகாணிக்காரங்களும் இருபது. ராணுவத்துல கூட இப்படிக் கால் வெக்க மாட்டாங்க."

நெல்ஃபாவின் கரண்டி நின்றது.

செவிலியர் அல்லாத வாசகர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். நாற்பத்தாறு படுக்கைகள், இரண்டு செவிலியர். ஆளுக்கு இருபத்து மூன்று பேர். நெஞ்சு ஏறி இறங்குவதை முழு நிமிடம் பார்த்து எண்ணினால் மூச்சுக்கு மட்டுமே இருபத்து மூன்று நிமிடம். காய்ச்சல், ரத்த அழுத்தம், மாத்திரை, ஊசி எல்லாம் தனி. இடையில் ஒருவருக்கு டிரிப் தீர்ந்துவிடும், இன்னொருவரின் மைத்துனர் மின்விசிறி ஓடவில்லை என்று வருவார். ஆகவே வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோரும் இருபதைக் கண்டுபிடிக்கிறார்கள். பத்து என்றால் ஆள் போய்க்கொண்டிருக்கிறார். முப்பது என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், டாக்டர் ஏன் கூப்பிட்டாய் என்பார். இருபது சமாதானமான எண். யாரையும் எழுப்பாது.

"பதினாலாம் படுக்கை," என்றார் வார்லிதா. "ரெண்டே காலுக்கு எறந்துட்டாருன்னு போட்டிருக்கு. நாலு மணிக்கும் இருபது மூச்சு விட்டிருக்காரு."

நெல்ஃபா தாளை வாங்கிப் பார்த்தாள். நான்கு மணிக் கட்டத்தின் ஓரத்தில் இரண்டு எழுத்துகள் சுழித்துப் போடப்பட்டிருந்தன. அவள் பெயரின் முதல் எழுத்துகள்.

தாளை மேசையில் வைத்தாள். "அன்னிக்குக் கூட இருக்கவேண்டியவ லீவு, மனாங். நான் ஒருத்திதான். வரிசையா எழுதிட்டே போனேன்."

"தெரியும்."

"இப்ப என்ன பண்றது? ஏழு வாரந்தான் இருக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒரு தலகாணிக்கு இருபத்து நாலு, இருபத்தாறுன்னு கொஞ்சம், ரெண்டு தலகாணிக்குப் பதினெட்டு, பத்தொம்பதுன்னு கொஞ்சம்... யாருக்குத் தெரியப் போவுது? பாலத்துக்கிட்ட ஒரு ஆள் இருக்காராம். காலைல குடுத்தா சாயங்காலம் சிக்னிபிகன்ட் பண்ணிக் குடுத்துருவாராம்."

"குடுப்பான். நல்லாத்தான் பண்ணுவான். பாலம் தெரியுமில்ல? ஜீப்னில ஏறி மூணாவது ஸ்டாப்பு."

நெல்ஃபா எழுந்திருக்கவில்லை. வார்லிதா சூப்பைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"நீ இதுவரைக்கும் எத்தன இருபது எழுதியிருப்ப?"

"யாருக்குத் தெரியும்?"

"அதுல எத்தன நெஜமான இருபது?"

"அதுவும் தெரியாது, மனாங்."

வார்லிதா காலிக் கிண்ணத்தை அவள் முன்னால் தள்ளிவைத்தார். "இதான் உன் கேள்வி. தலகாணி எங்கயும் ஓடிப்போயிடாது. எண்ணாத மூச்சு லேசாச்சா, கனமாச்சான்னு யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

புதிய கேள்வி எளிமையானது. வழக்கமான பார்வையில் என்ன எழுதுவாளோ அதை யோசிக்காமல் முதல் கட்டத்தில் எழுத வேண்டும். பிறகு நின்று முழு நிமிடம் எண்ணி இரண்டாம் கட்டத்தில் எழுத வேண்டும். நோயாளியின் தாளுக்குப் போவது இரண்டாவது எண்தான். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்? தலைப்பு மாற்றத்துக்கு ஏழு கையெழுத்து வேண்டியிருந்தது. வழிகாட்டி உடனே போட்டார். பழைய தலைப்பை அவர் படித்திருக்கவில்லை, ஆகவே எந்த இழப்பும் அவருக்கு இல்லை.

வார்டில்தான் சிக்கல் வந்தது. சக செவிலி ஒருத்தி எல்லோர் முன்னாலும் கேட்டாளாம். "மாஸ்டர்ஸ் வந்துருச்சுன்னதும் எங்க இருபதெல்லாம் பொய்யின்னு புஸ்தகம் போடப் போறியா? உன் பதவி உயர்வுக்கு எங்க தலையா?"

"உங்களோடத தொடல. என்னோட ஷிப்ட், என்னோட கையெழுத்து. அதுமட்டுந்தான்," என்று நெல்ஃபா சொல்லிவிட்டு வந்திருந்தாள். வார்லிதாவிடம் இதைச் சொன்னபோது அழுகிற மாதிரி இருந்தது. "வார்டுக் கடியாரத்துல செகண்ட் முள்ளு ஓடல, மனாங். என் போன எடுத்தா நோயாளிங்க படம் புடிக்கறேன்னு நெனைக்கறாங்க. நீங்க வார்டுல இருந்தப்ப எப்படி எண்ணுவீங்க?"

வார்லிதா ரவிக்கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதுல ஓடுது."

மூன்று வாரங்கள். அறுபத்து நான்கு நோயாளிகள். நடுவில் ஒருநாள் நெல்ஃபா சீருடையோடு ஜீப்னியிலிருந்து குதித்து வந்தாள்.

"ஆறாம் படுக்கை, மனாங். ஒரு பொம்பள. மகள் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தா, இவ சிரிச்சுக்கிட்டு இருந்தா. மொத கட்டத்துல இருபது போட்டேன். அப்புறம் நின்னு எண்ணினேன். முப்பத்தெட்டு. தப்பா எண்ணிட்டேன்னு மறுபடி எண்ணினேன். முப்பத்தொம்பது."

"அப்புறம்?"

"டாக்டரக் கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்னாரு. வந்து பாத்தாரு. அப்புறம் அவரே ஆக்சிஜன் சிலிண்டர உருட்டிட்டு ஓடினாரு." மூச்சு வாங்கியது அவளுக்கு. "பொழச்சுக்கிட்டா. ஆனா சிரிச்சுக்கிட்டு இருந்தா, மனாங். சிரிச்சுக்கிட்டே இருந்தா."

வார்லிதா அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். அவள் போன பிறகு வெகுநேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில் அது.

முடிவு வந்த அன்று காகிதச் சுருளுக்கு வேலை வந்தது. முதல் கட்டம் அறுபத்து நான்கும் இருபது. பழக்கம் பேனாவுக்குள்ளேயே குடியேறியிருந்தது. இரண்டாம் கட்டத்தின் சராசரி இருபது புள்ளி ஆறு. கணினி கூட்டிக் கழித்து, வெட்கமே இல்லாமல் சொல்லிற்று: சிக்னிபிகன்ட் வித்தியாசம் இல்லை.

"இருபதுதான் சரின்னு வந்துருச்சே!" நெல்ஃபா சுருளிலிருந்து இரண்டு முழம் கிழித்தாள். "இத்தன பாடுபட்டு, எண்ணாம எழுதினதே போதும்னு நானே நிரூபிச்சுட்டேன். இதப் படிச்சா இனி எவ எண்ணுவா? பேசாம பாலத்துக்கே போயிருக்கலாம்."

வார்லிதா கிண்ணத்தைத் தூக்கி அந்த முடிவுத் தாளின் மேல் வைத்தார். பூண்டெண்ணெய் வழிந்தது.

"உனக்கு என்ன தெரியணும்?"

"மனாங், இப்பப் போயி..."

"சொல்லு."

நெல்ஃபா மூக்கைத் துடைத்தாள். "ஆறாம் படுக்கைக்காரிக்கு மூச்சு எவ்வளவுன்னு தெரியணும்."

"எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

"அப்ப சராசரிகிட்டப் போயி ஏன் கேட்ட? அதுக்கு ஆறாம் படுக்கையத் தெரியாது. ஒவ்வொருத்தரா எண்ணினியே, ஒவ்வொருத்தரா கேளு. எத்தன பேருக்கு நெஜமாவே இருபது?"

பென்சிலை நெல்ஃபாவின் கையில் கொடுத்து அவளையே எண்ணவிட்டார். சரியாக இருபது: ஐந்து பேர். இருபத்தெட்டுக்கு மேல்: ஒன்பது பேர். பன்னிரண்டுக்குக் கீழ்: நான்கு பேர். மேலே போனவர்களும் கீழே போனவர்களும் தராசின் இரண்டு தட்டுகளில் உட்கார்ந்து முள்ளை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். நெல்ஃபா எண்ணி முடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தானே எடுத்தாள்.

*

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போயிருந்தேன். சான்றிதழ் போட்டவர்கள் பின்வரிசையில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. பதினோரு ஆண்டுகளாக வார்லிதா அந்த விதியைக் காப்பாற்றி வருகிறார், முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும்.

டாக்டர் லெதெஸ்மா இரண்டாவது லும்பியாவைக் கடித்தார். மொறுமொறுப்பாகத்தான் இருந்தது, சத்தம் பின்வரிசைவரை கேட்டது.

"வித்தியாசம் சிக்னிபிகன்ட்டா, மிஸ் தகாதாவ்?"

"இல்ல, சார்."

"இல்லேன்னா, வார்டுல எழுதறது சரின்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்கும்மா இந்த ஆய்வு?"

வார்லிதாவின் முழங்கால் நின்றது.

"சராசரி சரிதான், சார்," என்றாள் நெல்ஃபா. "ஆனா சராசரி நோயாளின்னு யாரும் எங்க வார்டுல அட்மிட் ஆகல. ஒருத்தருக்கு ஒம்போது, ஒருத்தருக்கு முப்பத்தெட்டு. ரெண்டையும் கூட்டி வகுத்தா ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிடலாம். அறுபத்து நாலுல பதிமூணு பேருக்கு உடனே யாராவது ஓடி வந்திருக்கணும். என் பேனா அந்தப் பதிமூணு பேருக்கும் இருபது போட்டுச்சு."

"உங்க பேனாவா? இதெல்லாம் உங்க பதிவுகளா?"

"என்னோடது மட்டுந்தான், சார். பின்னிணைப்புல பழைய தாள் ஒண்ணு வெச்சிருக்கேன். பதினாலாம் படுக்கை. அவரு பேர மறைச்சிருக்கேன். என் கையெழுத்த மறைக்கல."

டாக்டர் லெதெஸ்மா பின்னிணைப்பைத் திருப்பினார். இறந்த நேரம் இருக்கும் இடத்திலும் நான்கு மணிக் கட்டத்திலும் மாறி மாறி அவர் பார்வை போயிற்று. அவரும் இளமையில் வார்டில் வேலை பார்த்தவர்தான். கையில் மீதி இருந்த லும்பியாவைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அதை எடுக்கவில்லை. அடுத்துக் கேட்டது, ஓரத்தில் விடும் இடம் ஏன் அரை அங்குலம் குறைந்திருக்கிறது என்பது.

திருத்தங்களோடு தேர்ச்சி. எங்கள் கல்லூரியில் திருத்தமில்லாமல் யாரும் தேறியதில்லை. அரை அங்குலத்தைச் சேர்த்தால் போதும்.

மறுநாள் இரண்டு மணிக்கு நெல்ஃபா கடைக்கு வந்தாள். வாழைப்பழத்தைச் சுருட்டிப் பொரித்த துரோன் ஒரு பொட்டலமும் அந்தக் கடிகாரமும் கொண்டுவந்திருந்தாள். கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தாள்.

"பின்னாடி எழுதியிருக்கறதப் படிச்சிட்டேன், மனாங். தொடைக்கும்போது கண்ணுல பட்டுது."

வார்லிதா அதை வாங்கித் திருப்பினார். நானும் எட்டிப் பார்த்தேன். பொடி எழுத்தில் பொறித்திருந்தது: 'ஆண்டின் மிகச் சுத்தமான பதிவேடுகளுக்காக. வார்லிதா கொன்சாகா, ஆண்கள் வார்டு.'

நெல்ஃபா துரோன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

"எங்க காலத்துல எல்லாருக்கும் பதினெட்டு, இந்தாய்," என்றார் வார்லிதா.

துரோனை இரண்டாக ஒடித்து ஒரு பாதியை நெல்ஃபாவிடம் கொடுத்தார். அவள் சாப்பிட்டுவிட்டு, ஷிப்ட்டுக்கு நேரமாகிறது என்று ஜீப்னி பிடிக்க ஓடினாள். வார்லிதா கடிகாரத்தை ரவிக்கையில் குத்திக்கொண்டார். வழக்கமான இடம்தான், ஆனால் ஊசியை இரண்டுமுறை கழற்றிக் குத்தினார்.

புது மாணவிகள் மூன்று பேர் தடித்த தாள்கட்டோடு வாசலில் நின்றார்கள். "மனாங், உள்ள வரலாமா?"

வார்லிதா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். லேமினேஷன் இயந்திரத்துக்குப் பக்கத்தில் மனோங் ரூடி வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். மறு கையால் கடிகாரத்தை விரல் நுனியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வார்லிதா கடிகாரத்தையும் ரூடியின் பழைய சட்டை மேலே போய்க் கீழே வருவதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. முள் ஒரு முழுச் சுற்று வந்து சேரும்வரை அந்தத் தூக்கிய கை இறங்கவில்லை.